‘வசந்தம்’ மட்டும் வரலையா? பூஸ்டர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இரவுத் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று செய்தியாளரின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. குரல் விட்டு விட்டு வருகிறது. அடுத்த சில நொடிகளில் கறுப்புத் திரை, ‘சிக்னல் இல்லை’ என்ற ஒற்றை வரி. ஒளிவழி 5-க்கு மாற்றினால் படம் பளிச்சென்று வருகிறது. திரும்ப வசந்தத்துக்கு வந்தால் மறுபடியும் கறுப்பு.

சிங்கப்பூரில் ஆன்டெனா வைத்துத் தொலைக்காட்சி பார்க்கும் வீடுகளில், குறிப்பாகத் தாத்தா பாட்டி தனியாக இருக்கும் வீவக வீடுகளில், இது பழகிப்போன தொல்லை. அடுத்து நடப்பதும் பழகியதுதான். “டிவி போச்சு, புதுசு வாங்கிடலாம்” என்பார் ஒருவர். “பூஸ்டர் போட்டா சரியாயிடும்” என்பார் இன்னொருவர். “மாசக் கட்டணம் கட்டி கேபிள் மாதிரி எதையாவது போட்டுடலாம்” என்று மூன்றாவது யோசனையும் வரும்.

மூன்றுக்கும் காசு செலவாகும். ஆனால் கோளாறு பல நேரங்களில் டிவியில் இருப்பதே இல்லை. ஆன்டெனா வைத்த இடம், ஒயரின் முனை, செட்-டாப் பாக்ஸ் மெனுவில் அணைந்து கிடக்கும் ஓர் அமைப்பு என்று ஏதோ ஒரு சின்ன விஷயமாக இருக்கும். அது எது என்று கண்டுபிடிக்க, மின்னிலக்கத் தொலைக்காட்சி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

2018-க்குப் பிறகு என்ன மாறியது?

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963-ல் தொடங்கியது. அன்று முதல் பல பத்தாண்டுகள் எல்லாம் அனலாக் ஒளிபரப்புதான். மீடியாகார்ப் 2013 டிசம்பரில் மின்னிலக்க ஒளிபரப்பைத் தொடங்கியது. இரண்டும் சில ஆண்டுகள் சேர்ந்தே ஓடின. 2017 இறுதியில் அனலாக்கை நிறுத்துவதாக முதலில் திட்டம். மக்கள் தயாராகக் கூடுதல் அவகாசம் தந்து, 2018 இறுதியோடு அது நிறுத்தப்பட்டது. கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீவக குடும்பங்கள் மின்னிலக்கத்துக்கு மாற அரசாங்கம் 100 வெள்ளி பற்றுச்சீட்டு கொடுத்தது. அப்போது வாங்கிய பெட்டியும் ஆன்டெனாவும்தான் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றின் வயதும் கோளாறுக்கு ஒரு காரணமாகலாம்.

இங்கே பயன்படும் தொழில்நுட்பத்தின் பெயர் டிவிபி-டி2. ஒரு டிவியில் ‘டிஜிட்டல் டிவி’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிவியிலோ பழைய டிவியிலோ டிவிபி-டி என்ற முந்தைய தலைமுறை வாங்கி மட்டும் இருக்கலாம். அதில் டி2 ஒளிபரப்பு வராது. அப்படிப்பட்ட டிவியோடு டி2 செட்-டாப் பாக்ஸை இணைத்தால் போதும், டிவியை மாற்ற வேண்டியதில்லை.

ஆன்டெனாவிலும் ஒரு மாற்றம் உண்டு. ஒளிவழி 5, ஒளிவழி 8 என்ற பெயர்களே அவை பழைய விஎச்எஃப் அலைவரிசைகளில் ஒளிபரப்பான காலத்து எண்கள்தான். மின்னிலக்க ஒளிபரப்பு யுஎச்எஃப் அலைவரிசையில் வருகிறது. டிவி தலையில் ‘முயல் காது’ மாதிரி நிற்கும் பழைய நீளக் கம்பி ஆன்டெனா விஎச்எஃப்புக்காகச் செய்தது. அதை வைத்துக்கொண்டு மின்னிலக்கப் படம் சரியாக வரவில்லை என்று மல்லுக்கட்டினால் பலன் குறைவு.

நல்லா வந்த படம் திடீர்னு ஏன் போகுது?

அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படம் சொல்லிவிடும். முதலில் லேசாகப் புள்ளி விழும், பிறகு மழை பெய்வதுபோல் ஆகும், பக்கத்திலேயே நிழல் படம் ஒன்று தெரியும். பார்த்ததும் எழுந்து ஆன்டெனாவைத் திருப்புவோம்.

மின்னிலக்கத்தில் அந்த எச்சரிக்கை இல்லை. படம் எண்களாக மாற்றி அனுப்பப்படுகிறது. வழியில் சில எண்கள் சிதைந்தாலும் சரிசெய்துகொள்ளும் வகையில் கூடுதல் எண்களும் சேர்ந்து வருகின்றன. நம் அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்தை நினைத்துப் பாருங்கள். எண்களில் ஒன்றைத் தப்பாக எழுதினால், அந்த எழுத்து ஒத்துப்போகாமல் காட்டிக்கொடுக்கும். மின்னிலக்க ஒளிபரப்பில் இருப்பது இதைவிடப் பல மடங்கு வலுவான ஏற்பாடு. தப்பைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல் திருத்தியும் விடும்.

திருத்த முடிகிற வரைக்கும் படம் நூற்றுக்கு நூறு சரி. பிழைகள் ஓர் அளவைத் தாண்டினால் திருத்தும் கணக்கே கைவிட்டுவிடும். படம் உடைந்து, உடனே மறைந்தும் போகும். மலை உச்சியில் நடந்து போகிறவர் விளிம்பு வரை சமதரையில்தான் நடக்கிறார், அடுத்த அடியில்தான் பள்ளம். இதனால்தான் பொறியாளர்கள் இதை ‘மின்னிலக்கச் செங்குத்துச் சரிவு’ என்கிறார்கள்.

இதிலிருந்து முக்கியமான ஒரு விஷயம் புரியும். ‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே வந்தது’ என்பது சிக்னல் நன்றாக இருந்ததற்குச் சான்று இல்லை. நேற்றும் அது விளிம்பில் நின்றிருக்கலாம். ஜன்னலோரம் புதிதாக வைத்த ஓர் இரும்பு அலமாரி, நடுவில் ஆள் நடப்பது, ஆன்டெனா ஒரு சாண் நகர்ந்தது எதுவும் அதைத் தள்ளிவிடப் போதும்.

ஒரு ஒளிவழி மட்டும் ஏன் போகிறது?

மின்னிலக்கத்தில் ஒவ்வோர் ஒளிவழிக்கும் தனி அலைவரிசை கிடையாது. சில ஒளிவழிகளை ஒன்றாகக் கட்டி ஒரே அலைவரிசையில் அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுக்கு ‘மல்டிபிளெக்ஸ்’ என்று பெயர். சிங்கப்பூரில் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுகள் வருகின்றன.

அதனால் வசந்தம் போய், வேறோர் ஒளிவழி நன்றாக வந்தால், வசந்தம் பயணம் செய்யும் அலைவரிசை மட்டும் உங்கள் வீட்டில் அடிவாங்குகிறது என்று பொருள். ஒளிவழி நிறுத்தப்பட்டுவிட்டதா, டிவி கெட்டுவிட்டதா என்று பதற வேண்டாம்.

ஓர் அலைவரிசை மட்டும் ஏன் அடிவாங்க வேண்டும்? முதன்மை ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் அலை நேராக மட்டும் வீட்டுக்கு வருவதில்லை. எதிர் புளோக்கில் மோதி, பக்கத்துப் புளோக்கில் பட்டுத் திரும்பி, பல வழிகளில் வருகிறது. நேர் அலையும் எதிரொலித்த அலையும் ஓரிடத்தில் சந்திக்கும்போது சில அலைவரிசைகளில் ஒன்றை ஒன்று பலப்படுத்தும், சில அலைவரிசைகளில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். டி2 தொழில்நுட்பம் எதிரொலியை நன்றாகவே தாங்கும். ஆனால் எல்லா இடத்திலும், எல்லா நேரத்திலும் அல்ல.

இதற்கு மருந்து எளிது. ஆன்டெனாவை நகர்த்த வேண்டும். 550 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 55 சென்டிமீட்டர். அதில் பாதி, அதாவது 25 முதல் 30 சென்டிமீட்டர் நகர்த்தினாலே நிலைமை தலைகீழாக மாறலாம். ஓர் அடி இந்தப் பக்கம், ஓர் அடி அந்தப் பக்கம், அவ்ளோதான்.

பலமா, தரமா? எந்த எண்ணைப் பார்ப்பது?

படத்தைப் பார்த்துச் சிக்னலை அளக்க முடியாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? பெரும்பாலான டிவிகளிலும் செட்-டாப் பாக்ஸ்களிலும் ‘சிக்னல் தகவல்’ அல்லது ‘மேனுவல் டியூனிங்’ என்ற பக்கம் இருக்கும். அங்கே இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று ‘ஸ்ட்ரெங்த்’, அதாவது பலம். மற்றது ‘குவாலிட்டி’, அதாவது தரம்.

சத்தமான உணவங்காடி நிலையத்தில் நண்பர் பேசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எவ்வளவு உரக்கப் பேசுகிறார் என்பது பலம். அவர் சொன்னது எவ்வளவு புரிந்தது என்பது தரம். பலம் 90, தரம் 20 என்றால் சத்தம் நிறைய வருகிறது, விஷயம் வரவில்லை. பலம் 50, தரம் 95 என்றால் கவலையே இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது தரத்தின் எண்ணை.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு பெட்டியின் 60-ஐயும் இன்னொரு பெட்டியின் 60-ஐயும் ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் காட்டுகிறது. அதே பெட்டியில் முன்னும் பின்னும் ஒப்பிடவே அந்த எண் உதவும். இரண்டாவது, படம் போனதும் ‘ஆட்டோ ஸ்கேன்’ அழுத்தாதீர்கள். சிக்னல் மோசமாக இருக்கும் நேரத்தில் ஸ்கேன் செய்தால், கிடைக்காத ஒளிவழிகளைப் பட்டியலிலிருந்தே சில பெட்டிகள் அழித்துவிடும். விட்டு விட்டு வந்த வசந்தம் அடியோடு காணாமல் போய்விடும். முதலில் சிக்னலைச் சரிசெய்யுங்கள், ஸ்கேன் கடைசியில்.

ஆன்டெனாவை எங்கே வைப்பது?

டிவிக்குப் பின்னால் மறைத்து வைப்பதுதான் எல்லாருக்கும் பிடித்த இடம். சிக்னலுக்கு ஆகவே ஆகாத இடமும் அதுதான். டிவியின் உலோகப் பின்பக்கம் அலையை மறைக்கும், உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றுகள் இரைச்சல் சேர்க்கும்.

ஜன்னலருகே, கொஞ்சம் உயரத்தில் வைப்பது நல்ல தொடக்கம். புக்கிட் பாத்தோக் பக்கம் பார்த்த ஜன்னல் இருந்தால் முதலில் அதை முயலுங்கள். பாசிர் ரிஸ் போன்ற கிழக்கு வட்டாரத்திலிருந்து அது ஏறக்குறைய 20 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. ஆனால் கைப்பேசித் திசைகாட்டியை மட்டும் நம்பிவிட வேண்டாம். எதிரே இன்னொரு புளோக் உயர்ந்து நின்றால், எதிர்ப்பக்க ஜன்னலில் எதிரொலித்து வரும் அலையே தெளிவாக இருக்கலாம். தர எண் எங்கே உயர்கிறதோ அதுதான் சரியான திசை. ஆன்டெனாவை நிறுத்தி ஒரு முறை, படுக்க வைத்து ஒரு முறை பாருங்கள்.

வீவக வீட்டில் தவிர்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் இருக்கும் வீட்டுப் பதுங்கிடம், அதாவது வீட்டில் எல்லாரும் ‘பாம் ஷெல்டர்’ என்று சொல்லும் அறை, தடித்த கான்கிரீட்டும் எஃகுக் கம்பியும் எஃகுக் கதவும் கொண்டது. அதன் சுவர் கோபுரத்துக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் வந்தால் சிக்னல் கடக்கத் திணறும். இரும்புக் கிரில், வெயிலுக்காக ஜன்னலில் ஒட்டும் உலோகப் பூச்சுள்ள படலம், குளிர்சாதனப் பெட்டி ஆகியவையும் அப்படித்தான். வைஃபை ரூட்டருக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

ஜன்னலுக்கு வெளியே மட்டும் ஆன்டெனாவைத் தொங்கவிடாதீர்கள். கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. சட்டச் சிக்கலும் வரும்.

ஒயரும் 5 வோல்ட்டும்

இடம் சரியாக இருந்தும் படம் வரவில்லை என்றால் ஒயரைப் பாருங்கள். ஆன்டெனா ஒயரின் நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி வலை போன்ற மெல்லிய கம்பிகள் இருக்கும். வலையின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் சிக்னல் செத்துவிடும். பிளக்கைக் கழற்றி, உள்ளே பார்த்து, திரும்ப இறுக்கமாகச் செருகுங்கள். ஒயரை லேசாக ஆட்டும்போது தர எண் குதித்தால், குற்றவாளி அங்கேதான்.

நீளமும் கணக்கில் வரும். நல்ல ஒயரிலும் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1.5 டெசிபெல் இழப்பு உண்டு. ஒரே ஆன்டெனாவை இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ‘ஸ்பிளிட்டர்’ போட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிக்கும் குறைவான சிக்னல்தான் போகும். விளிம்பில் நிற்கும் வீட்டில் படுக்கையறை டிவிக்காகப் போட்ட ஸ்பிளிட்டரே வரவேற்பறைப் படத்தைக் கெடுத்திருக்கலாம். அதைக் கழற்றி, நேராக இணைத்துப் பாருங்கள்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒன்று. இன்று விற்கும் உள்ளரங்க ஆன்டெனாக்கள் பலவற்றில் சின்ன பெருக்கி ஒன்று உள்ளேயே இருக்கிறது. அதற்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். சிலவற்றுக்கு அது யுஎஸ்பி ஒயர் வழியாக வரும், சிலவற்றுக்குச் செட்-டாப் பாக்ஸே ஆன்டெனா ஒயர் வழியாகக் கொடுக்கும். பெட்டியை ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்தால் மெனுவில் உள்ள ‘ஆன்டெனா பவர்’ அணைந்துபோகக்கூடும். மின்சாரம் கிடைக்காத பெருக்கி உதவி செய்யாது, உபத்திரவமே செய்யும். வருகிற சிக்னலையும் அது தடுத்துவிடும். மெனுவில் அதை ஆன் செய்வதற்குச் செலவு பூஜ்ஜியம்.

சுவரில் இருக்கும் பழைய கேபிள் பாயின்டையும் சொல்ல வேண்டும். ஸ்டார்ஹப் தன் கேபிள் தொலைக்காட்சிச் சேவையை 2019-ல் ஃபைபருக்கு மாற்றியது. அந்தக் காலத்து பாயின்டில் ஒயரைச் செருகிவிட்டு, மாடி ஆன்டெனாவோடு இணைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கூட்டுரிமை வீடுகளில் கட்டடத்துக்கே பொதுவான ஆன்டெனா இருக்கலாம். அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதை நிர்வாக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பூஸ்டர் எப்போது உதவும்?

பூஸ்டருக்கு நல்லது கெட்டது தெரியாது. உணவங்காடியில் நண்பரின் குரலைச் சரியாகக் கேட்க முடியாதபோது, அந்த இடத்தின் மொத்தச் சத்தத்தையும் ஒலிபெருக்கியில் போட்டால் என்ன ஆகும்? அதுதான் நடக்கும். சிக்னலோடு இரைச்சலையும் பெருக்கி, தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். பலத்தின் எண் 90-க்குத் தாவும், தரத்தின் எண் அப்படியே இருக்கும். சில வேளைகளில் குறையவும் செய்யும்.

ஆன்டெனா நல்ல சிக்னலைப் பிடித்து, நீள ஒயரிலோ ஸ்பிளிட்டரிலோ அது கரைந்தால் பூஸ்டர் உதவும். அப்போதும் அதை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் பொருத்த வேண்டும். டிவிக்குப் பின்னால் பொருத்தினால், ஏற்கெனவே கரைந்துபோனதைத்தான் அது பெருக்கும்.

கோபுரத்துக்கு அருகிலுள்ள வட்டாரங்களில் நேர்மாறான தொல்லை வரும். அங்கே சிக்னலே அதிகம். பெருக்கியையும் சேர்த்தால் டிவியின் வாங்கி திணறிப்போய், குறைவான சிக்னலில் வருவது போன்ற அதே கட்டம் கட்டமான படத்தைக் காட்டும். பெருக்கியைக் கழற்றியதும் படம் வந்துவிட்டால் நோய் அதுதான்.

கைப்பேசிக் கோபுரங்களும் ஒரு காரணம். அனலாக் ஒளிபரப்பு நின்றதில் காலியான 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கைப்பேசிச் சேவைக்குப் போனது. பழைய பூஸ்டர்கள் அந்த அலைகளையும் டிவி அலை என்று நினைத்துப் பெருக்கும். புது ஆன்டெனா வாங்கும்போது ‘எல்டிஇ ஃபில்டர்’ உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

மழைதான் காரணமா?

“மழை வந்தா டிவி போயிடும்” என்பது செயற்கைக்கோள் தட்டுக்குப் பொருந்தும். அது மிக உயர்ந்த அலைவரிசையில் இயங்குவதால் மழைத்துளி அதைத் தடுக்கும். யுஎச்எஃப் அலையை மழைத்துளி அவ்வளவாகப் பாதிக்காது. மழை நேரத்தில் மட்டும் படம் போனால், வெளியே உள்ள இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். கூரையில் ஆன்டெனா உள்ள தரைவீடுகளில் இது நடக்கும். கூரையில் நீங்களே ஏறாதீர்கள், முறையான பணியாளரை அழையுங்கள்.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் படம் போகிறதா? அந்த நேரத்தில் வீட்டில் எந்த விளக்கு எரிகிறது, எந்தச் சார்ஜர் ஓடுகிறது என்று பாருங்கள். மலிவான எல்இடி விளக்குகளும் அடாப்டர்களும் வானொலி இரைச்சலைக் கிளப்பக்கூடும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

எல்லாம் கைப்பேசியில் வருதே, ஆன்டெனா எதுக்கு?

நியாயமான கேள்விதான். மீடியாகார்ப்பின் மீவாட்ச் தளத்தில் வசந்தம் நிகழ்ச்சிகளை இணையத்திலேயே பார்க்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் பலருக்கு அதுவே வசதி. ஆனால் 75 வயதுப் பாட்டிக்கு இணையத் தொடர்பு, கணக்கு, கடவுச்சொல், செயலிப் புதுப்பிப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு படி. ஆன்டெனா டிவியில் ஒரே ஒரு பொத்தான்தான், மாதக் கட்டணமும் இல்லை. அவருக்குத் தமிழில் செய்தி வரும் வழியே அதுவாக இருக்கலாம். ஒரு மாதம் படம் வராவிட்டாலும் பிள்ளைகளுக்குச் சிரமம் தரக்கூடாது என்று சொல்லாமல் இருந்துவிடும் மூத்தோரும் உண்டு. அடுத்த முறை போகும்போது “சாப்டாச்சா” என்று கேட்ட கையோடு, “வசந்தம் வருதா பாட்டி” என்றும் கேட்கலாம்.

ஒரு மாலையில் முடிக்கும் வேலை

வரிசை இதுதான். முதலில் டிவியின் ‘சோர்ஸ்’ சரியாக இருக்கிறதா, பெட்டியில் மின்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதாக, எல்லா ஒளிவழியும் போனதா, சில மட்டும் போனதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் போனால் ஒயர், பிளக், ஆன்டெனா பவர் பக்கம் போங்கள். சில மட்டும் போனால் ஆன்டெனாவின் இடத்தை மாற்றுங்கள். மூன்றாவதாக, பூஸ்டரையும் ஸ்பிளிட்டரையும் கழற்றிவிட்டு நேராக இணைத்துச் சோதியுங்கள். நான்காவதாக, வசந்தத்தின் தர எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு ஆன்டெனாவை அடி அடியாக நகர்த்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் கையை எடுத்துவிட்டு, தள்ளி நின்று, சில நொடிகள் காத்திருந்து எண்ணைப் பாருங்கள். ஆன்டெனாவைப் பிடித்திருக்கும் நம் உடம்பும் அலையை மாற்றும். பிடித்தால் வருகிறது, விட்டால் போகிறது என்பதன் காரணமும் அதுதான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. இத்தனைக்குப் பிறகும் தரம் ஏறவில்லை என்றால், அக்கம்பக்கத்தில் ஆன்டெனா வைத்திருப்பவரிடம் படம் வருகிறதா என்று கேளுங்கள். அவருக்கும் இல்லையென்றால் ஒளிபரப்பிலேயே தடை இருக்கலாம். அவருக்கு நன்றாக வந்தால், அவருடைய ஆன்டெனாவையோ பெட்டியையோ பத்து நிமிடம் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். எதை வாங்க வேண்டும் என்பது கடைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

நல்ல இடம் கிடைத்ததும் ஆன்டெனாவை அங்கேயே ஒட்டுநாடாவால் நிலைப்படுத்துங்கள். அந்த இடத்தையும் தர எண் தெரியும் திரையையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சுத்தம் செய்யும்போது யாராவது நகர்த்திவிட்டால், தொலைபேசியிலேயே “பாட்டி, ஜன்னல் ஓரம், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்” என்று சொல்லிச் சரிசெய்ய அந்தப் படம் உதவும்.